கத்தரிக்காயின் நிழலுக்கு என்ன நிறம்?

நான்கு மாதங்களாக ஓர் ஓவியம் என் மடிக்கணினியில் அப்படியே கிடந்தது. அதில் வரைய வேண்டியவை எல்லாம் வரையப்பட்டிருந்தன. ஆனாலும் அதை முடிந்த ஓவியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டின் கிழக்கு ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, மடித்த வெள்ளை வேட்டியை அதன்மேல் விரித்து, பாட்டியின் பித்தளைச் சொம்பு, மூன்று கத்தரிக்காய், ஓர் எலுமிச்சம்பழம் ஆகியவற்றை வைத்து, காலை ஏழரை மணி வெயிலில் பார்த்து வரையத் தொடங்கிய ஸ்டில் லைஃப் அது. வடிவங்களில் குறையில்லை. சொம்பின் வாய் அந்தக் கோணத்தில் எவ்வளவு நசுங்கித் தெரிய வேண்டுமோ அவ்வளவு நசுங்கியிருந்தது. நிறங்களை மட்டும் நான் கண்ணால் தேடவில்லை. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, அதைத் திரையின் இடப்பக்கம் வைத்துக்கொண்டு, தொட்ட இடத்தின் நிறத்தை எண்களாக எடுத்துத் தரும் கலர் பிக்கரால் ஒவ்வோர் இடத்தையும் தொட்டு எடுத்து, வலப்பக்கத்தில் இருந்த ஓவியத்தில் பூசினேன். ஆகவே ஒவ்வொரு நிறமும் எண்ணளவில் சரியாகவே இருந்தது. மொத்தமாகப் பார்த்தால் அந்தக் காலை வெயில் அதில் எங்குமே இல்லை.

ஒருநாள் மாலை அத்தை என் பின்னால் வந்து நின்று திரையைச் சற்று நேரம் பார்த்தார். "ஏம்மா, முத்தல் கத்தரிக்காயாப் பாத்து வாங்கிட்டு வந்தியா? எலுமிச்சம்பழம்கூட அழுகப்போற மாதிரி இருக்கே" என்றார். அவர் ஓவியத்தைக் குறை சொல்லவில்லை; காய்களைத்தான் சொன்னார். நாற்பது ஆண்டுகளாகக் காய் வாங்கிச் சமைக்கிறவரின் கண் அது. கத்தரிக்காய் முற்றினால் தோலின் மினுமினுப்பு போய், ஊதாவுக்குள் ஒரு பழுப்பு ஏறும் என்பதை அவர் கண் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடும். நான் வைத்திருந்த காய்களோ அன்று காலையில் உழவர் சந்தையில் வாங்கியவை. காம்பில் ஈரம்கூடக் காயவில்லை. என் ஓவியம் அவற்றை ஒரு வாரம் பழையவையாக்கியிருந்தது. அந்தச் சொல் எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. எண்கள் எல்லாம் சரியாக இருக்கும்போது நிறம் எப்படிப் பொய் சொல்லும் என்ற கேள்விக்கு, வெகுநாள் என்னிடம் விடை இல்லை.

முதலில் கருவிகளைச் சந்தேகித்தேன். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. கைப்பேசி தானாகவே வெளிச்சத்தின் நிறத்தைக் கணித்து, மஞ்சள் கலந்த காலை வெயிலை வெள்ளையாக்கப் பார்க்கிறது. பளிச்சிடும் வேட்டியைக் காப்பாற்றுவதற்காக, கத்தரிக்காயின் இருண்ட பக்கத்தைக் கறுப்புக்குள் தள்ளிவிடுகிறது. அந்த இருட்டில் கலர் பிக்கர் ஒற்றைப் புள்ளியைத் தொட்டால் வருவது பெரும்பாலும் கேமராவின் இரைச்சல்தான், அதாவது இருட்டில் அது தாறுமாறாகப் பதியும் புள்ளிகள். அடுத்த புள்ளியைத் தொட்டால் வேறோர் எண் வரும். போதாக்குறைக்கு, இரவு ஏழு மணிக்கு மேல் திரையிலிருந்து நீலத்தைக் குறைக்கும் நைட் லைட் அமைப்பு என் கணினியில் இயங்கிக்கொண்டிருந்ததை இரண்டு வாரம் நான் கவனிக்கவே இல்லை. அது கோப்பில் உள்ள எண்களை மாற்றாது. ஆனால் எண்களை எடுத்த பிறகு கண்ணை நம்பி நான் செய்த சிறு திருத்தங்கள் எல்லாம் மஞ்சளான ஒரு திரைக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. அமைப்பை அணைத்தேன். பிக்கர் ஒரு புள்ளிக்குப் பதிலாகச் சுற்றியுள்ள பல புள்ளிகளின் சராசரியை எடுக்கும்படி, நான் வரையப் பயன்படுத்தும் மென்பொருளான கிரிட்டாவில் மாற்றினேன். வெள்ளைத் திரையில் தொடங்கினால் எல்லா நிறங்களும் உள்ளதைவிட இருட்டாகத் தோன்றும் என்பதால், நடுத்தரமான சாம்பல் பரப்பில் புதிதாகத் தொடங்கிப் பார்த்தேன். ஓவியம் சற்றுத் தெளிந்தது. கத்தரிக்காய் மட்டும் முத்தலாகவே இருந்தது.

மல்டிப்ளை லேயர்

நிழல்களைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. டிஜிட்டலில் வரைகிற பலரும் செய்வதையே நானும் செய்திருந்தேன். பொருளின் நிறத்தைச் சமமாகப் பூசிவிட்டு, அதன்மேல் மல்டிப்ளை முறையில், அதாவது கீழே உள்ள நிறத்தோடு பெருக்கும் முறையில், ஒரு லேயரை (கண்ணாடித் தாள் போன்ற மேலடுக்கை)ப் போட்டு, சாம்பல் நிறத்தால் நிழலைத் தீட்டுவது. விரைவான வழி, லேயரை அணைத்தால் நிழல் போய்விடும், மீண்டும் போட்டால் வந்துவிடும். அந்தப் பெருக்கல் உண்மையில் என்ன செய்கிறது என்பதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எலுமிச்சையின் வெளிச்சப் பக்கத்துக்குச் சிவப்பு 240, பச்சை 220, நீலம் 60 (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான அளவில்) என்று வைத்திருந்தேன். அதன்மேல் நடுச் சாம்பலைப் பெருக்கினால் மூன்று எண்களும் ஏறக்குறைய பாதியாகி 120, 110, 30 என்று வரும். மூன்றும் ஒரே விகிதத்தில் குறைவதால் சாயலும் (எந்த நிறம் என்பது) செறிவும் (அது எவ்வளவு அழுத்தமானது என்பது) அப்படியே நிற்கின்றன. வெளிச்சம் மட்டும் இறங்குகிறது. கணக்கில் அது இருண்ட மஞ்சள். ஆனால் இருண்ட மஞ்சளை நம் கண் மஞ்சளாகப் பார்ப்பதில்லை, பாசிப்பச்சையாகப் பார்க்கிறது. மஞ்சள் சாயத்தில் ஒரு சொட்டுக் கறுப்பைக் கலந்து பார்த்தவர்கள் அந்தப் பச்சையை அறிவார்கள். என் எலுமிச்சை அழுகத் தொடங்கியது அங்கேதான்.

உண்மையான நிழல் இப்படிக் குறைவதில்லை. வெயில் மறைக்கப்பட்ட இடத்துக்கு வேறு வெளிச்சங்கள் வந்து சேருகின்றன. எங்கள் ஜன்னல் கடலைப் பார்த்த திசையில் திறந்த வானத்தை நோக்கி இருப்பதால், வேட்டியின் மேல்நோக்கிய மடிப்புகளில் விழும் நிழலில் வானத்தின் நீலம் இருக்கிறது. வீட்டின் தரை பழைய சிவப்பு ஆக்சைடு தரை. வெயில் அதன்மேல் பட்டுத் திரும்பி, ஸ்டூலின் விளிம்பில் தொங்கும் வேட்டியின் கீழ்ப்பகுதிக்கு ஒரு மெல்லிய சிவப்பைக் கொடுக்கிறது. எலுமிச்சை வேட்டியைத் தொடும் இடத்தில், நிழலுக்குள்ளேயே, பழத்திலிருந்து சிதறிய மஞ்சள் கசிகிறது. ஒரே வேட்டியின் ஒரே நிழலில் மூன்று நிறங்கள். நான் அவை எல்லாவற்றையும் ஒரே சாம்பலால் பெருக்கி வைத்திருந்தேன்.

இதைப் புரிந்துகொண்ட பிறகும் ஓவியம் சரியாகவில்லை என்பதுதான் என்னைச் சோர்வடையச் செய்தது. நிழலில் நீலம் வேண்டும் என்று தெரிந்தவுடன் நீலத்தைப் பூசினேன். வேட்டியில் சொட்டு நீலம் கொட்டியதுபோல் ஆனது. சிவப்பைச் சேர்த்தேன், சாயம் போன துணியாயிற்று. நிழலுக்குள் என்ன நிறம் இருக்கிறது என்ற தகவல் கைக்கு வந்திருந்தது. அதை எவ்வளவு, எதன் பக்கத்தில் வைப்பது என்பது எனக்குப் பிடிபடவில்லை.

நேரு வீதிப் பக்கம் ஒரு மேட்சிங் கடை

உறவில் ஒரு திருமணம். மூன்று புடவைகளுக்கு ரவிக்கைத் துணி எடுக்க வேண்டும் என்று அத்தை என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றார். நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த சிறிய மேட்சிங் கடை. மூன்று பக்கச் சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை ரவிக்கைத் துணிகள் அடுக்கப்பட்டிருந்தன. வரையப் பழகிய இத்தனை ஆண்டுகளில் அவ்வளவு நிறங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த இன்னோர் இடத்தை நான் பார்த்ததில்லை. மென்பொருளின் வண்ணச் சக்கரத்தில் பாகைகளாகவும் சதவீதங்களாகவும் இருப்பவை அங்கே பெயர்களாக இருந்தன: அரக்கு, வாடாமல்லி, வெங்காயக் கலர், மாம்பழ மஞ்சள், மாந்துளிர், ராமர் பச்சை, மயில்கழுத்து, யானைக் கலர், காப்பிப்பொடி. அறுபது வயதுக்கு மேற்பட்ட கடைக்காரர் எந்தப் பெயரைச் சொன்னாலும் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அந்த அடுக்கைத் தொட்டார்.

முதல் புடவை அரக்கு நிறப் பட்டு. அதற்கு ஒரு சாம்பல் பார்டர். ரவிக்கை பார்டரோடு பொருந்த வேண்டும் என்பது அத்தையின் விருப்பம். பார்டரை உற்றுப் பார்த்துவிட்டு, அடுக்கிலிருந்து அவரே ஒரு துணியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். இலேசாகப் பச்சை ஓடும் சாம்பல். எனக்கும் அதுதான் சரியெனப் பட்டது. பார்டர் எங்கள் இருவர் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. கடைக்காரர் மறுத்துப் பேசவில்லை. புடவையை மேசையில் விரித்து, அந்தத் துணியைப் பார்டரின் ஓரமாக வைத்தார். வைத்த கணத்தில் துணி பச்சையாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு வேறொரு துணியை வைத்தார். அது கையில் இருக்கும்போது எந்தப் பக்கமும் சாயாத, ஈரம் காய்ந்த சிமெண்டு போன்ற வெறும் சாம்பல். புடவையின்மேல் வைத்ததும் பார்டர் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"பார்டரு வெறும் சாம்பல்தாம்மா. பச்சையை அரக்கு குடுக்குது" என்றார் அவர்.

"எப்படிங்க ஐயா கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் புடவையின்மேல் வைத்து அரக்குப் பகுதியை முழுவதும் மறைத்தார். இரு கைகளுக்கும் நடுவே பார்டரின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. பச்சை போய்விட்டது, சாம்பல்தான் இருந்தது. கைகளை விலக்கினார், பச்சை திரும்பி வந்தது. மீண்டும் மறைக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று நான்கு முறை இதைச் செய்து காட்டிய பிறகு, "துணியைத் தனியாப் பாத்து எடுக்கக் கூடாதும்மா, புடவை மேல வச்சுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் சுருட்டிக்கொண்டு கடை வாசலுக்குப் போனார். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரு துணிகள் பகல் வெளிச்சத்தில் வேறாகிவிடுவது உண்டு. வெவ்வேறு சாயங்களால் ஒரே தோற்றம் கிடைத்திருந்தால், வெளிச்சம் மாறும்போது அந்த ஒற்றுமை உடைந்துபோகும். புடவையை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கும் வழக்கத்தை நான் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அது ஒரு சோதனை என்று அன்றுதான் மனத்தில் பதிந்தது.

இரண்டாவது புடவை மயில்கழுத்து. அதைக் கையில் எடுத்ததும் அவர் அத்தையிடம், "பாவுக்கு எடுக்கறதா, ஊடைக்கு எடுக்கறதாம்மா?" என்று கேட்டார். நெடுக்கே ஓடும் நூல் நீலம், குறுக்கே ஓடும் நூல் பச்சை. மயில்கழுத்து என்ற நிறத்தில் எந்த நூலும் சாயம் தோய்க்கப்படவில்லை; இரண்டு நூல்களும் நெருங்கிக் கிடப்பதால் கண்ணில் உண்டாகும் நிறம் அது. துணியைச் சாய்க்கும்போது ஒன்று தாழ்ந்து மற்றொன்று மேலெழுகிறது. மூன்றாவது புடவைக்கு என்ன எடுத்தோம் என்பது எனக்கு நினைவில்லை. அதற்குள் என் மனம் வீட்டில் இருந்த கத்தரிக்காய்களிடம் போய்விட்டது.

பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் முன் அத்தை கடற்கரையில் சற்று உட்கார வேண்டும் என்றார். பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் மஞ்சள் சுவர்களை ஒட்டி நடந்தோம். ஒரு வேப்ப மரத்தின் நிழல் சுவரில் விழுந்திருந்தது; மங்கலான ஊதா போலத் தெரிந்தது. கடைக்காரர் செய்ததுபோல் இரண்டு கைகளையும் கண்ணருகே குவித்து, வெயில் பட்ட மஞ்சளை மறைத்து, நிழலை மட்டும் பார்த்தேன். அது காவி கலந்த பழுப்பு. கையை எடுத்ததும் ஊதா. பலமுறை கடந்து போன அந்தச் சுவருக்கு முன்னால் அன்று ஐந்து நிமிடம் நின்றேன்.

சாயம் குற்றமற்றது

புடவைக் கடையில் நான் கண்டதை, சாயத் தொட்டிகளின் நடுவே நின்று ஆராய்ந்த ஒரு வேதியியலாளர் இருக்கிறார். மிஷேல் யூஜின் ஷெவ்ரல் 1824-இல் பாரிஸில் உள்ள கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு இயக்குநரானார். அங்கே நெய்யப்பட்ட சித்திரத் திரைகளில், நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழலாக இடப்பட்ட கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று ஒரு புகார் இருந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார். வேறு பட்டறைகளின் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டார். சாயத்தில் குறை ஏதும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் வலுவைக் கெடுத்தன. அதிலிருந்து தொடங்கிய ஆய்வை 1839-இல் நூலாக வெளியிட்டார். அடுத்தடுத்து இருக்கும் இரு நிறங்கள், சாயலிலும் வெளிச்ச அளவிலும், ஒன்றையொன்று தமக்கு எதிர்த்திசையில் தள்ளுகின்றன என்பது அதன் மையம். அதே நூற்றாண்டில் புதுச்சேரியில் பருத்தித் துணிக்கு அவுரிநீலம் தோய்த்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, பக்கத்து நிறம் செய்யும் வேலை இங்கிருந்த சாயக்காரர்களின் கண்ணுக்கும் தெரிந்தே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் அதை நூலாக எழுதாமல், அந்தக் கடைக்காரரைப் போலக் கையில் வைத்திருந்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிரிட்டாவில் ஒரு பாதியை அரக்காகவும் மறுபாதியை ராமர் பச்சையாகவும் நிரப்பி, இரண்டின் நடுவிலும் ஒரே சாம்பலைச் சிறு சதுரங்களாக வைத்தேன். மூன்று எண்களும் 128. அரக்கின் நடுவில் இருந்த சதுரம் குளிர்ந்து பச்சை பாய்ந்தது. பச்சையின் நடுவில் இருந்தது இளஞ்சிவப்பாகக் கனிந்தது. கலர் பிக்கரால் இரண்டையும் தொட்டேன். இரண்டுக்கும் 128, 128, 128. கலர் பிக்கர் பொய் சொல்லவில்லை. அந்தப் புள்ளியில் என்ன எண் இருக்கிறது என்ற கேள்விக்கு அது சரியாக விடை சொல்கிறது. அந்த எண் அந்த இடத்தில் எப்படித் தெரியும் என்பது அதன் வேலையே அன்று. நான்கு மாதங்களாக நான் தப்பான கேள்வியை அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். புகைப்படத்தின் வேட்டி நிழலிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, பக்கத்தில் சொம்பின் மஞ்சளும் எலுமிச்சையின் மஞ்சளும் இன்னும் பூசப்படாத ஓவியத்தில் வைத்தேன்; அது செத்த சாம்பலாகத் தெரிந்தது; நீலத்தைக் கூட்டினேன்; பிறகு மஞ்சள்கள் வந்து சேர்ந்ததும், அவை தம் பங்குக்கு அதே நிழலை நீலத்தை நோக்கித் தள்ளின. சொட்டு நீலம் கொட்டிய வேட்டி அப்படித்தான் உண்டானது.

இப்போது வேட்டியின் நிழலை ஏறக்குறைய வெறும் சாம்பலால் வைத்திருக்கிறேன். சில இடங்களில் அந்தச் சாம்பல் சற்று வெப்பமான பக்கம்கூடச் சாய்ந்திருக்கிறது. ஆனால் சொம்பின் பக்கத்தில் அது நீலமாகத் தெரிகிறது. நீலம் வேண்டிய அளவுக்கு மட்டும் தெரிகிறது. பூசாத நிறம் கண்ணில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை வேறெந்தத் தூரிகை வித்தையும் தந்ததில்லை.

கத்தரி நிறம் என்ற சொல்

நம் மொழி நிறங்களுக்குப் பொருள்களின் பெயரையே வைக்கிறது. எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரி நிறம். கடையில் இவை மிகவும் துல்லியமான சொற்கள். ஆனால் கத்தரிக்காயையே வரைய உட்காரும்போது அந்தச் சொல் கண்ணை முந்திக்கொள்கிறது. காய் கத்தரி நிறத்தில் இருந்தாக வேண்டும் என்று மனம் முடிவு செய்து, காய் முழுவதும் ஊதாவைப் பரப்புகிறது. எதிரில் இருக்கும் காயைக் கைகளால் மறைத்து மறைத்துப் பார்த்தால், அதன் உடலில் பெரும்பகுதி கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊதா என்று சொல்லத்தக்க நிறம், வெளிச்சம் இருட்டுக்குத் திரும்பும் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் இருக்கிறது. காம்புக்கு அடியில் இலேசான செம்மை. ஜன்னலைப் பார்த்த முதுகில் வானத்தின் பிரதிபலிப்பு, ஏறக்குறைய நீலம் கலந்த வெள்ளை. இத்தனை வேறுபாட்டையும் அணைத்துக் கொண்டுதான் காய் புதிதாக இருக்கிறது. நடுத்தர ஊதாவைப் பரப்பி, அதன்மேல் சாம்பலைப் பெருக்கினால் மினுமினுப்பு போகும், பழுப்பு ஏறும்; அத்தை சொன்ன முத்தல் கத்தரிக்காய் வந்துவிடும்.

கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பகுதியை எப்படி உயிரோடு வைப்பது என்பதற்கு மயில்கழுத்துப் புடவைதான் வழி காட்டியது. இருண்ட ஊதாவை ஒரே நிறமாகப் பூசுவதை விட்டுவிட்டு, இருண்ட நீலத்தையும் இருண்ட அரக்கையும் சிறு கீற்றுகளாக அடுத்தடுத்து வைத்தேன், பாவும் ஊடையும் போல. கலக்கும் பிரஷால் தேய்த்து இழைக்கவில்லை. இரண்டின் வெளிச்ச அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மட்டுமே இது பலிக்கும். ஒன்று தூக்கலாக இருந்தால் கோடு கோடாகப் பிரிந்து நிற்கும். இங்கே மென்பொருளின் எண்கள் இன்னொரு விதமாக ஏமாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கமான நிறத் தேர்வுப் பெட்டியில் சாயல், செறிவு என்பவற்றோடு வேல்யூ என்று ஓர் அளவு இருக்கிறது. தூய மஞ்சளுக்கும் தூய நீலத்துக்கும் அது 100 என்றே காட்டும். கண்ணுக்கு அவை சமமா? திரையின் வெளிச்சத்தில் சிவப்பின் பங்கு 0.2126, பச்சையின் பங்கு 0.7152, நீலத்தின் பங்கு 0.0722 என்பது, திரைகளுக்கான பொதுவான நிறத் தரமான எஸ்ஆர்ஜிபியின் கணக்கு. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. ஆகவே வெள்ளையின் வெளிச்சத்தில் சுமார் 93 சதவீதம் அதற்கு உண்டு. நீலத்துக்கு 7 சதவீதம்தான். வேல்யூ எண்ணை நம்பி இரண்டு நிறங்களைச் சமமாக வைத்தால், ஒன்று பகலிலும் மற்றொன்று இரவிலும் போய் நிற்கும். ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பதுதான் வழி. அதிலும் கிரிட்டாவில் நிறம் நீக்கும் வடிகட்டியில் பல முறைகள் உள்ளன. சராசரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மஞ்சள் உள்ளதைவிட இருட்டாகவும் நீலம் உள்ளதைவிட வெளிச்சமாகவும் வரும். மேலே சொன்ன பங்குகளைக் கணக்கில் கொள்ளும் லூமினாசிட்டி முறையைத்தான் எடுக்க வேண்டும்.

கையால் வண்ணம் குழைத்துப் பழகியவர்களுக்கு இன்னொரு தடுமாற்றமும் இங்கே நேரும். பள்ளியில் நீலத்தையும் மஞ்சளையும் குழைத்தால் பச்சை வந்தது. திரையில் தூய நீலத்தையும் தூய மஞ்சளையும் சரிபாதியாகக் கலந்தால் வருவது சாம்பல். ஆகையால் மென்மையான ஏர்பிரஷால் எலுமிச்சையின் மஞ்சளிலிருந்து நிழலின் ஊதாவுக்கு இழைத்துக்கொண்டு போனால், நடுவில் ஓர் அழுக்குப் பட்டை தவறாமல் வரும். அந்த இடத்தில் நிறத்தை நாமே தேர்ந்து வைக்க வேண்டும். என் எலுமிச்சையின் திருப்பத்தில் இப்போது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த ஒரு மஞ்சள் இருக்கிறது. பழம் அழுகுவது நின்றுவிட்டது.

சொம்பைப் பற்றியும் ஒன்று. கத்தரிக்காயிலும் எலுமிச்சையிலும் விழும் பளபளப்பு, ஜன்னல் வெளிச்சத்தின் நிறத்திலேயே இருக்கும்; தோலின் நிறம் அதில் கலப்பதில்லை. பித்தளை அப்படியன்று. அது திருப்பி அனுப்பும் வெளிச்சத்துக்கும் தன் மஞ்சளை ஏற்றித்தான் அனுப்பும். நான் மூன்று பொருள்களுக்கும் ஒரே வெள்ளைப் புள்ளியை வைத்திருந்ததால் சொம்பு மஞ்சள் பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் ஆகியிருந்தது. பளபளப்பின் நடுப்புள்ளி மட்டும் திரையின் எல்லையைத் தொட்டு வெளுத்திருக்க, அதைச் சுற்றி வெளிர்மஞ்சளை வைத்ததும் உலோகம் வந்துவிட்டது. பித்தளைக்கு என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. சொம்பின் வயிற்றில் வேட்டி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, சிவப்புத் தரை இருக்கிறது, எல்லாம் மஞ்சளில் தோய்ந்து வளைந்திருக்கின்றன. அதுவும் புளி போட்டுத் தேய்த்த அன்று ஒரு நிறம், நான்கு நாள் கழித்து வேறொரு நிறம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஷார்தேனின் செப்புத் தண்ணீர்க் கலத்தின் ஓவியத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அந்தச் செம்பு அவ்வளவு சூடாகத் தெரிவதற்குக் காரணம் சுற்றிலும் இருக்கும் மங்கலான பழுப்பும் சாம்பலும்தான். திரையில் செறிவைக் கூட்டுவதற்குக் காசு செலவில்லை, ஒரு கோட்டை வலப்பக்கம் இழுத்தால் போதும். அதனால் எல்லாவற்றையும் இழுத்துவிடுகிறோம், பிறகு எதுவும் ஒளிர்வதில்லை. என் ஓவியத்தில் செறிவு மிகுந்த இடங்கள் இப்போது இரண்டே இரண்டு.

கலர் பிக்கரை முழுவதும் விட்டுவிட வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. எடுத்துப் பூசுவதில் என்ன தவறு என்று கேட்பவர்களோடும் என்னால் உடன்பட முடியவில்லை. முதலில் நானே பார்த்து ஒரு நிறத்தை வைக்கிறேன். அதன் எண்களை ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். பக்கத்து நிறங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகே புகைப்படத்தில் அதே இடத்தைத் தொட்டு ஒப்பிடுகிறேன். இப்படிச் செய்ததில் என் பிழைகளுக்கு ஒரு திசை இருப்பது தெரிந்தது. இருண்ட பொருள்களுக்கு நான் வைக்கும் நிறம் எப்போதும் தேவைக்கு மேல் செறிவானது. வெள்ளைத் துணிக்கு வைப்பது எப்போதும் தேவைக்கு மேல் வெளிச்சமானது. எடுத்துப் பூசிக்கொண்டிருந்த நாட்களில் என் கண்ணைப் பற்றி இது எனக்குத் தெரிய வழியே இருக்கவில்லை.

அந்த மூன்று கத்தரிக்காய்களும் எப்போதோ கொத்சு ஆகிவிட்டன. புதிய ஓவியத்துக்கு, பச்சையில் வெள்ளை வரியோடும் கத்தரிக்காய் இரண்டை அத்தை தேர்ந்து வாங்கி வந்தார். வேட்டிக்குப் பதிலாக, அந்தக் கடையில் எனக்கென்று வாங்கிய அரக்கு நிற ரவிக்கைத் துணியை விரித்திருக்கிறேன். காலை ஏழரை மணிக்குப் பச்சைக் காயின் நிழல் அந்த அரக்கின்மேல் விழுகிறது. கைகளால் மறைத்தால் ஒரு நிறம், விலக்கினால் வேறொரு நிறம். நேற்று அதற்கு 58, 20, 30 என்று எழுதி வைத்தேன். இன்று காலை சிவப்பைச் சற்றுக் குறைத்து 52 ஆக்கியிருக்கிறேன். புகைப்படத்தை இன்னும் திறக்கவில்லை.